கட்டைவிரலுக்குள் மரத்தூள்

தச்சரின் நான்கு வயது மகளுடைய கால் கட்டைவிரலை டாக்டர் திறந்தபோது, முறிந்த எலும்பின் நடுவே ஒரு சிட்டிகை மரத்தூள் இருந்தது. முறிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. படிக்கட்டில் தடுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் தச்சர் சொல்லியிருந்தார். மகளும் அதையே சொன்னாள். குழந்தை எலும்பு மூன்று வாரத்தில் ஒட்டிவிடும், பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினால் போதும் என்று அன்று சொன்ன டாக்டருக்கு இப்போது முகத்தில் ஈயாடவில்லை. தூளைக் கழுவி, கம்பி செருகி, கட்டுப் போட்டார். ஆறு வாரம் கழித்துத் திறந்தால் மறுபடியும் தூள். கம்பி இழைப்புளி பட்டதுபோல் பாதியாகத் தேய்ந்திருந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு, தன் காலையே வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார். பிறகு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனார்.

நடுவில் ஏதாவது இருந்தால் எலும்பு ஒட்டாது என்று டாக்டர் விளக்கினார். தச்சருக்கா தெரியாது? பலகையைத் துடைக்காமல் பசை தடவிய வேலையாட்களை இருபது வருஷமாகத் திட்டித் தீர்த்தவர் அவர். ஆனாலும் இப்போதுதான் கேள்விப்படுவதுபோல் தலையாட்டினார்.

மூன்றாவது முறை டாக்டர் தூளை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு நீட்டினார். இனியும் சேர்ந்தால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார். குழந்தையின் அம்மா குப்பியை முகர்ந்து பார்த்தாள். பட்டறைப் பக்கமே பிள்ளையைக் கூட்டிப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தவள் அவள்.

"இது நீங்க பாப்பாவுக்குச் செஞ்ச கட்டில் வாசனை," என்றாள்.

தச்சர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பட்டறையில அந்தக் கட்டில் பலகை என் கை நழுவித்தான் அவ கால்மேல விழுந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாதன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

படுக்கையிலிருந்து மகள் கேட்டாள்: "இப்ப சொல்லலாமாப்பா?"

துணைக்கு வந்திருந்த அக்கம்பக்கத்தார் எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. மரத்தூளைக்கூட விடுங்கள், மூன்று தடவை விரலைக் கிழித்தும் அந்தப் பிஞ்சு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை விடவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எலும்பு மூன்றே வாரத்தில் ஒட்டியது. மகள் இப்போது பள்ளியில் எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறாள். தச்சர் தினமும் காலையில், இரவு கழுவி வைத்த தன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுகிறார், ஒரு சிட்டிகை மரத்தூள் விழுகிறது.  மனைவி குப்பை முறத்தை எடுத்து நீட்டுகிறாள்.