அக்காவின் பெயருக்கு

...அதுவும் பதினைந்தாம் தேதிக்குள், தவறினால் உரிமம் ரத்து என்று பதிவு நிறுவனத்தார் எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார்கள், விற்பவன் வாடிக்கையாளரின் இணையதளப் பெயரைத் தன் பெயரில் வைத்திருக்கக் கூடாதாம், தொழில் யாருடையதோ பெயரும் அவர்களுடையதாகவே பதிவாக வேண்டுமாம், இதில் என்ன அநியாயம் என்று தேடித்தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாததுதான் அவனுக்கு எரிச்சல். நூற்றுப் பத்துக் கடைகளின் பெயர்கள் அவன் பெயரில். விசிட்டிங் கார்டில் 'டிஜிட்டல் அடையாள ஆலோசகர்', நிஜத்தில் ஒரு மேசை, ஒரு லேப்டாப், சுழல மறுக்கும் சுழல்நாற்காலி... வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, உங்கள் பெயர்தான் உங்கள் மூச்சு என்று முழங்கியவன் அத்தனை பேர் மூச்சையும் சட்டைப்பையில் போட்டு வைத்திருந்தான். நூற்று ஒன்பது பேருக்கு மெயில் தட்டிவிட்டாயிற்று. மிச்சம் ஒன்று, அக்கா.

அக்கா வீட்டு முன்னறைத் தையல்கடையில் வெட்டுமேசைமேல் குனிந்து, நர்ஸ் சீருடைத் துணியில் சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள், இதோ முடிச்சிடறேன், உக்காருடா என்றாள், அவன் பட்டன் டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலில் ஒடுங்கினான். சொல்லிவிடலாமா? மெயில் வருவதற்கு முன்னால் சொன்னால் மன்னிப்பு, வந்தபின் சொன்னால் வாக்குமூலம்... பெயர் கைமாறும்போது அதன் முழுச் சரித்திரமும் புதிய உரிமையாளருக்கு மெயிலில் போய்விடும், யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்பதுவரை, இதுவும் புது விதிதான். அதில் நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். அன்று மத்தியானம் இங்கேதான் எல்லோருக்கும் சாப்பாடு, அக்கா புருஷன், அவன் மாமா என்று கூப்பிடுகிற மனிதர், நம்ம மச்சான் காத்தைப் பொட்டலம் கட்டி விக்கிறார் என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அவன் மனைவிதான் அதிகமாக. அது ஒரு காரணமா? வீட்டுக்குப் போனதும் ஒரே சொடுக்கு, அக்கா கடையின் இணையப் பக்கம் வெறும் வெள்ளை. இரண்டு நாள். அதற்குள் ஒரு ஆஸ்பத்திரி சீருடைக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. அக்கா போனில் அழுததும் ஓடோடி வந்து, அரை நிமிட வேலையை நெற்றியைச் சுருக்கி ஒரு மணி நேரம் தட்டினான், சர்வர் மேல் தாக்குதல் என்றான். மாமா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம் மச்சான் என்றார், கண் கலங்கியிருந்தது, கையை இழுத்துக்கொள்ளவாவது செய்தானா, இல்லை, பரவாயில்லை மாமா என்றான், பெருந்தன்மையாக.

கடையோட இணையப் பேரை உன் பேருக்கு மாத்தணும்க்கா என்று மட்டும் சொன்னான். அக்கா போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, வந்திருந்த ஓடிபியின் ஆறு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவன் தட்டினான், முடிந்தது, இவ்வளவுதானா.

"இத்தனை நாளா உன் பேர்லயா இருந்துச்சு?"

"ம்."

"அப்படியே விட்டிருக்கலாமேடா. உன்கிட்ட இருந்தா எனக்கென்ன பயம்?"

இதைவிட அந்த இஞ்ச் டேப்பால் நாலு போட்டிருக்கலாம்... போன் மறுபடி சிணுங்கியது.

"என்னடா, பக்கம் பக்கமா வருது. மாமாவுக்கு அனுப்பிடறேன், அவர்தான் ஒரு வரி விடாம படிப்பார்."

அனுப்பியும் விட்டாள். அக்கா, என்றான். குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி அவள் புருவத்தால் என்ன என்று கேட்டாள், அவன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான், உள்ளறையில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எதையோ படிக்கத் தொடங்கும் சத்தம், அவனுக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன, வெட்கம்தான், சந்தேகமே இல்லை, ஆனால் நான்கு வருடமாக இந்த வீட்டில் உட்கார்ந்து வாய் நிறையப் பேசி, வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனபோதெல்லாம் இது எங்கே போயிருந்தது, ஒருநாள்கூடக் காது சுட்டதாக நினைவில்லையே... மாமா எதையும் படிக்காத மனிதராக இருந்திருந்தால், இன்றைக்கும் சுட்டிருக்குமா?