பரசுராமன் பைனான்ஸின் பௌர்ணமி

பரசுராமனுக்குப் பிள்ளைகள் போதவில்லை. அந்தக் குறையே அவருக்கு 1989-இல்தான் வந்தது. மாடியில் குடிவந்த ரூத் அம்மாள் தன் குடும்பக் கதையைச் சொன்ன பிறகு.

ரூத் அம்மாள் யூதப் பெண்மணி. அறுபது தாண்டியவர். திருவண்ணாமலை ஆசிரமத்தைப் பார்க்க வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் செங்கம் ரோட்டில் பரசுராமன் வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது. பரசுராமனுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொன்னவள் கடைசி மகள் அறிவுமதி. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனியில் ஒரு நகரம். யூதர்கள் குடியிருக்க ஒரே ஒரு இடுக்குத் தெரு. பொழுது சாய்ந்தால் தெருக்கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். நிலம் வாங்கக் கூடாது, பல தொழில்களில் சேரக் கூடாது. விட்டுவைத்த தொழில்களில் ஒன்று காசு மாற்றுவது. ரூத்தின் முன்னோர் ஒருவர் அந்தக் கடையை வைத்தார். நாலு மகன்கள். அவர்களை ஹாம்பர்க், ஆம்ஸ்டர்டாம், லண்டன், ட்ரியஸ்ட் என்று நாலு ஊருக்கு அனுப்பினார். ஒரே ஊரில் இருந்தால் சண்டை போடுவீர்கள், தூரத்தில் இருந்தால் கடிதம் போடுவீர்கள் என்றாராம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் ஒவ்வொருவனும் மற்றவர்களுக்கு எழுதிவிட வேண்டும். கடைகள் வங்கிகளாயின. அடுத்த தலைமுறை ரயில் பாதைக்குக் கடன் கொடுத்தது. அதற்கடுத்த தலைமுறையின் வாசலில் பிரபுக்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாம் தலைமுறையில் ஹிட்லரின் ஆட்கள் வந்து பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். சிறுமி ரூத்தை மட்டும் கப்பலேற்ற முடிந்தது.

பரசுராமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நாலு பசங்க, நாலு ஊரு. நமக்கு மூணுதான். ஒண்ணு கம்மியாவுதே" என்றார்.

சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி சந்திரம்மாள் குரல் கொடுத்தாள். "அதுக்கு? இந்த வயசுல இன்னொண்ணு பெத்துத் தரட்டுமா? நாலாவது அங்கதான் குந்திக்கினு இருக்குது, கண்ணுக்குத் தெரியலயா?"

"பொண்ணுங்களுக்கு அவங்க வூட்ல என்ன சட்டம்னு கேளு" என்றார் மகளிடம்.

அறிவுமதி கேட்டாள். பெண்களும் மாப்பிள்ளைகளும் கணக்கறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார் ரூத். தன் அத்தை கிளாராவுக்கு அண்ணன்மார்களைவிட வேகமாகக் கணக்கு வருமாம். அவளுக்குப் பியானோ வாங்கிக் கொடுத்தார்களாம்.

அறிவுமதி ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னாள். அப்பா சட்டத்தைப் பிடித்துக்கொண்டார், கிளாராவை விட்டுவிட்டார். அந்தத் தீபாவளிக்கு அவளுக்குத் தையல் மெஷின் வந்தது.

பரசுராமனின் அப்பா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்தவர். பரசுராமன் அதைத் திருவண்ணாமலை தேரடித் தெருவில் போர்டு மாட்டிய பைனான்ஸ் ஆக்கினார். டெபாசிட் வாங்கினார், கடன் கொடுத்தார். இப்போது மூத்தவன் இளஞ்செழியனைச் செங்கத்துக்கும், புகழேந்தியை ஆரணிக்கும், ராஜாவைப் போளூருக்கும் அனுப்பினார். கடிதம்தான் சரிப்படவில்லை.

"நம்ம பசங்களா எழுதுவானுங்க? புகழேந்தி லீவு லெட்டரே தங்கச்சிய எழுதச் சொன்னவன்."

அதனால் பௌர்ணமி. பௌர்ணமி மதியம் நாலு ஊரிலும் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். அப்பாவும் மகன்களும் வெறுங்காலோடு மலை சுற்றியபடி தொழில் பேச வேண்டும். பாதையின் தொடக்கத்தில் வரும் அக்னி லிங்கத்தில் பேச்சு தொடங்கும். யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்பது சுற்று முடியும் இடத்துக்குச் சற்று முன் இருக்கும் குபேர லிங்கத்துக்குள் முடிவாகிவிடும். பெண்கள் பின்னால் வருவார்கள். காற்று பின்னோக்கி அடித்தால் அறிவுமதிக்குப் பாதிப் பேச்சு கேட்கும். மீதியை அவளே யூகித்துக்கொள்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எட்டு வருஷம் இப்படிப் போனது. 1997-இல் அவள் எம்.காம். முடித்திருந்தாள்.

"கீழ்பென்னாத்தூர்ல கிளை ஆரம்பிக்கப் போறீங்களாமே. அதை எனக்குக் குடுங்கப்பா."

"உனக்கு இல்லாததா கண்ணு? ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குது."

"அது அவங்க வூட்டுச் சட்டம்."

"ஓஹோன்னு வாழ்ந்த வூட்டுச் சட்டம்." அவர் அவள் தலையைத் தடவினார். "ஆவணியில உன் மாமன் மவனை அங்க போடலாம்னு இருக்கேன்."

அந்த ஆடியில் சென்னையில் ஒரு பெரிய பைனான்ஸ் கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. பேப்பரில் தினமும் அழுகிற முகங்கள். டெபாசிட் போட்ட யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்த வாரம்தான் பௌர்ணமி. பரசுராமன் பைனான்ஸ் வழக்கம்போல நாலு ஊரிலும் ஷட்டரை இறக்கியது. வழக்கத்தை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாதி வழியில், அடி அண்ணாமலையில் பெண்கள் சுக்குக் காப்பிக்கு நின்றார்கள். பக்கத்தில் ஆரணிக்காரி ஒருத்தி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பரசுராமன் பைனான்ஸும் ஓடிட்டானுங்களாம். ஆரணியில பூட்டு, போளூர்ல பூட்டு. எங்க வூட்டுக்காரரு தேரடித் தெருவுக்கே போயிட்டாரு. அங்கயும் பூட்டாம். ஷட்டரை ஒடைக்கப் போறாங்களாம்."

சந்திரம்மாள் டம்ளரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அறிவுமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தை இடித்து முன்னால் ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன்கள் பாதை ஓரத்தில் ஒதுங்கினார்கள்.

"இப்ப போனா அடிப்பானுங்க. காலையில போலீஸோட போலாம்" என்றான் இளஞ்செழியன்.

"பாதி சுத்துல வுட்டுட்டுப் போறது ஆவாதுப்பா" என்றான் புகழேந்தி. ராஜா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவியைக் குடுங்கப்பா" என்றாள் அறிவுமதி.

"நீ போயி என்னம்மா செய்வ?"

"ஓடிப்போனவன் கடையில லைட்டு எரியாது. நம்ம கடையில எரியணும். கேக்கறவங்களுக்கு எடுத்துக் குடுக்கணும். நீங்க நாலு பேரும் ஒளியாதீங்க, சுத்தி முடிச்சிட்டு ஊரு பாக்க நடந்தே வாங்க. பாதியில வுட்ட பாவம் எனக்கு வரட்டும்."

பரசுராமன் மகன்களைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தளர்த்தி, அரைஞாணில் கட்டியிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க நேரமானது.

"இரும்புப் பெட்டி சாவியும் இதுலதான் இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

வயல் வழியாக வெளியேறி, ஊருக்குள் போன பால் வண்டி ஒன்றில் அவள் ஏறிக்கொண்டாள்.

தேரடித் தெருவில் கடை முன்னால் கடப்பாரையோடு ஆட்கள். எல்லோருக்கும் முன்னால் வேங்கிக்கால் இட்லிக்கடை ஜோதியம்மாள்.

"ஆம்பளைங்க எங்கடி?"

"மலை சுத்துறாங்க அக்கா. பௌர்ணமிக்கு வேற எங்க போவாங்க?"

"பூட்டிட்டுப் போனீங்களே!"

"பூட்டினது எங்க தப்புதான். வழிவுடுங்க, தொறக்கறேன்."

பூட்டு திறந்தது. ஷட்டர் அவள் கைக்கு அசையவில்லை. உடைக்க வந்தவர்களே இரண்டு பேர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அதைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

எல்லா விளக்குகளையும் போட்டாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஜோதியம்மாளின் ரசீதை வாங்கிப் பார்த்தாள். பேனாவைத் தொடாமல் அன்றுவரை வட்டி போட்டு, பணத்தை எண்ணி வைத்தாள். ஜோதியம்மாள் இரண்டு முறை சரிபார்த்தாள். அடுத்தவருக்கும் அப்படியே. இன்னும் சிலருக்கும். இரும்புப் பெட்டியில் பாதி காலியாகியிருந்தது. அறிவுமதி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்வரிசையில் ஒருவர், "அதான் குடுக்கறாங்களேப்பா" என்று சொல்லிவிட்டு டீக்குடிக்கப் போனார். அவர் பின்னால் நாலைந்து பேர் போனார்கள்.

ஜோதியம்மாள் மட்டும் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தெருவில் மலை சுற்ற வந்த ஜனம் தோளோடு தோள் உரசிப் போனது.

"இந்தக் கூட்டத்துல இதை எப்படிடி எடுத்துக்கினு போறது? எவனாச்சும் அடிச்சிக்கினு போயிடுவான். இந்தா, நீயே வச்சிக்கோ."

"வட்டி இன்னைலேர்ந்து புதுசாதான் ஆரம்பிக்கும் அக்கா."

"அடிப்பாவி!" வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு கூட்டத்தின் கோபம் வடிந்துபோனது.

நடந்து களைத்த காலோடு பரசுராமன் மகன்களுடன் வந்தபோது கடையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அறிவுமதி எழுந்தாள்.

"குந்து, குந்து" என்றார். டெபாசிட்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டார். "இனிமே பௌர்ணமிக்குக் கடை மூடக் கூடாது."

"அப்ப யாருப்பா பாத்துப்பாங்க?" என்றான் ராஜா.

பரசுராமன் மகளைப் பார்த்து, "கீழ்பென்னாத்தூர்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை இருக்குது. நாளைக்குப் போயி பாரு. வாடகை ஜாஸ்தி சொல்லுவான், கம்மி பண்ணு" என்றார்.

ஆவணிப் பௌர்ணமிக்கு அவள் மலை சுற்றவில்லை. தேரடித் தெருக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள். மற்ற ஊர்க் கடைகளைக் கணக்குப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். புறப்படும் முன் அப்பாவும் அண்ணன்களும் உள்ளே வந்தார்கள்.

"ஆரணி ரைஸ்மில்காரருக்குக் கடன் குடுக்கலாமா?"

"வேணாம்பா. மில்லு அவரு தம்பி பேர்ல இருக்குது."

"செங்கத்துல டிராக்டருக்கு?"

"குடுங்க."

இன்னும் இரண்டு மூன்று கேட்டார்கள். சொன்னாள். அன்று மலை சுற்றும்போது நாலு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார்கள்.