மெழுகிய தரை

கிருஷ்ணம்மாவின் முதல் இரண்டு ஆண்பிள்ளைகளும் தவழும் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாமவன் கணபதி மட்டும் சீழும் கட்டியுமாக வளர்ந்து ஆளானான். கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்களுக்குப் பிறவியிலேயே வலுவில்லை, இது தாய்வழியாக வருவது என்றார் டாக்டர் இராஜசிங்கம். அவள் தலையில் இடி விழுந்தது. பிறகு அவனுடைய சிறுநீரகங்களும் கெட்டபோது, யாரும் கேட்கும் முன்பே தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கெட்டதைக் கொடுத்த உடம்பு நல்லது ஒன்றையும் கொடுக்கட்டுமே!

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

"கிட்னியைக் காப்பாத்துற மருந்து, இவரிட்ட மிச்சமிருக்கிற எதிர்ப்பையும் அடக்கிப்போடும் அம்மா. வீடு நல்ல சுத்தமா இருக்கவேணும்."

"கோயில் மாதிரி வெச்சுக்கிறேங்க ஐயா."

வைத்துக்கொண்டாள். ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த தன் ஒற்றை அறைக் காம்பராவை வெள்ளையடித்தாள். தையல் போட்ட இடம் சுண்டியிழுக்க, மாட்டுப்பட்டியில் குவிந்து கிடந்த சாணியைக் கிளறி அள்ளிவந்து, வெள்ளிக்கு வெள்ளி மூலைமுடுக்கு விடாமல் மெழுகினாள். சுத்தமென்றால் அவளுக்கு அதுதான். அந்தப் படித்த மனுஷனாவது விளக்கிச் சொல்லித் தொலைத்திருக்கலாம்!

கணபதி அந்தத் தரையில்தான் பாய் விரித்துப் படுத்தான். "கோயிலேதாம்மா," என்று சிரித்தான்.

கொஞ்ச நாளில் இருமல் பிடித்தது, காய்ச்சலும் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், செக்பொயின்டில் துவக்கோடு நின்ற ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அவன் மூச்சுத் திணறி ரோட்டிலேயே குந்திவிட்டான்.

டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்தார். "நுரையீரல்ல பூஞ்சணம் பிடிச்சிருக்கு. மற்றாக்களுக்கு இது வாறதே குறைவு. உக்கின எரு, சாணி ஏதும் வீட்டில இருந்ததோ?"

"வெள்ளிக்கு வெள்ளி சாணி போட்டு மெழுகுவேங்க," என்றாள் கிருஷ்ணம்மா பெருமையோடு.

டாக்டர் படத்தை மெல்ல உறைக்குள் போட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

"அப்ப... நாந்தானுங்களா ஐயா?"

"உங்களுக்குத் தெரியாதுதானே அம்மா," என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

எந்த மருந்தும் கேட்கவில்லை. கணபதி போய்விட்டான்.

சடலத்தைத் தூக்கிக்கொண்டு போனதும், தீட்டுக் கழிக்கப் பக்கத்துக் காம்பராக் காத்தாயி வாளியோடு வந்தாள்.

"செத்த நகருக்கா. ஆம்பளைங்க வர்றதுக்குள்ள சாணி போட்டு மெழுகிடுறேன்."

கிருஷ்ணம்மா அவன் படுத்திருந்த இடத்தில் குப்புற விழுந்தாள். தரையோடு மூக்கை அழுத்தி மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள்.

"நானும் இதே தரையிலதானே படுத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலியேடி காத்தாயி!"