தீயணைப்பு ஒத்திகை

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் ஐந்து பேர் வசிக்கும் அரசு இல்லம் அது. மற்ற நால்வரையும் மிரட்டி வேலை வாங்குவதால் மேஸ்திரி என்று பெயரெடுத்தவருக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி அவரை எதிரே நிற்க வைத்துக்கொண்டே வார்டனிடம், "தீப்பிடிச்சா வெளிய ஓடணும்னு இவருக்குப் புரியுமா?" என்று கேட்டார். மேஸ்திரி என்ன, தூணா?

ஒத்திகை மணி அடித்தது. மேஸ்திரி நால்வரையும் இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டார். அதிகாரியும் வார்டனும் சாவகாசமாகக் காபியைக் குடித்து முடித்து, ஆடி அசைந்து வெளியே வந்தார்கள்.

"பரவாயில்லையே, எல்லாரும் வந்துட்டீங்களே!" என்று கைதட்டினார் அதிகாரி.

மேஸ்திரி அவரைத் திரும்பியும் பார்க்காமல் பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம் சொன்னார்: "ரெண்டு பேரும் உள்ளயே வெந்துட்டாங்க. பாவம், செத்துட்டோம்னு இவங்களுக்குப் புரியுமா?"