பூசணி உடைத்த இடம்

கல்மண்டபத்தின் வலப்படியில் சத்யபிரியா, இடப்படியில் நான், சிமெண்ட் பெஞ்சில் அழகுராஜா. காவலாளி கருப்பணன் உட்காரவில்லை. தீப்பிடித்த நாளிலிருந்து அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

கன்னிவாடி மலையடிவாரத்தில் உள்ள அந்தப் பழைய மண்டபப் பூங்காவைக் காட்டுத்தீக்குப் பிறகு மூடிவிட்டார்கள். சாம்பல் அள்ள வந்த எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு மட்டும் அனுமதி. தீ மலையிலிருந்து இறங்கவில்லை, பூங்காவில் தொடங்கி மலைக்கு ஏறியது என்பது வரை தெரிந்திருந்தது. நாங்கள் கண்டதைத் திண்டுக்கல் வனத்துறை ஆபீஸுக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் அதிகாரி. எழுதுவது என் வேலை.

"கருப்பணன் பீடின்னு எழுதுக்கா. முடிஞ்சது" என்றான் அழகுராஜா.

"நான் பீடியத் தொட்டு எம்புட்டோ நாளாச்சுண்ணே" என்றார் கருப்பணன். அதற்கு மேல் பேசவில்லை. குற்றமில்லாதவர் இப்படியா வாயை மூடிக்கொண்டு நிற்பார் என்று எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம்.

ஆனால் அழகுராஜாவும் சரியில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தன் புது வேனில் பிரியாணி வாங்கி வந்திருந்தான். கிணற்றோரம் கருகிக் கிடந்த புல்லை மட்டும் யாரையும் தொட விடவில்லை. "பாம்பு கெடக்கும், நான் பாத்துக்கிறேன்" என்றவன், வெறும் செருப்போடு அங்கே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவன் போன் பேச நகர்ந்த நேரம் சத்யபிரியா அங்கே மண்வெட்டியைப் போட்டு இழுத்தாள். சாம்பலோடு கருத்த சில்லறைக் காசுகள் வந்தன. ஒன்றில் குங்குமம் அப்பியிருந்தது. பக்கத்தில் பாதி வெந்த பூசணித் தோல்.

அவன் திரும்பி வந்ததும் கேட்டாள்: "ஏண்ணே, புது வேனுக்குத் திருஷ்டிப் பூசணி எங்க உடைச்சீக?"

"வீட்டு வாசல்லதான்."

"அப்ப அதுல போட்ட காசு பஸ் ஏறி இங்க வந்துச்சாக்கும்?"

கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கருப்பணன்தான் பதில் சொன்னார். "தீப்பிடிச்ச அன்னிக்கு நேரம் முடிஞ்சு பூட்டுன கேட்டைத் திறந்துவிட்டது நாந்தாம்மா. மண்டபத்துக்கு முன்னால வேனை நிப்பாட்டிப் படம் எடுக்கணும்னாரு. எரியிற கற்பூரத்தோட பூசணியக் கெணத்தோரம் போட்டு உடைச்சாரு. அணஞ்சிருச்சுன்னு நம்பிட்டேன். கேட்டைத் திறந்ததச் சொன்னா வேலை அடியோட போயிரும்னுதான் வாயத் தெறக்கல. பரவாயில்ல, அதையும் சேத்தே எழுதுங்க."

இரண்டையும் எழுதி வாசித்துக் காட்டினேன். நானும் சத்யபிரியாவும் கருப்பணனும் கையெழுத்துப் போட்டோம்.

"குடுக்கா. திண்டுக்கல்லுக்குத்தான் போறேன். செத்த நேரத்துல நானே ஆபீஸ்ல சேத்துர்றேன்." அழகுராஜா கையை நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை. குங்குமக் காசையும் உறைக்குள் போட்டேன். உறையில் பசை இல்லை. பிரியாணிச் சோற்றில் எண்ணெய், ஒட்டாது. சத்யபிரியாவின் தயிர்ச்சோற்றில் நாலு பருக்கை எடுத்துத் தேய்த்து ஒட்டினேன். கன்னிவாடி தபால் ஆபீஸ் வரைக்கும் அவன் வேன் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பதிவுத் தபால் என்று சொல்லி, உறையை ஜன்னலுக்குள் நீட்டினேன்.