ஆளுக்கொரு பங்கு

1

ஒரு விழா மலருக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆல்டர் ஹில் மக்கள் கூட்டுறவு அங்காடி தொடங்கிப் பத்து ஆண்டு ஆகிறது, நல்லதாக நாலு பக்கம் எழுதிக் கொடு, அழ வைக்காதே என்று சங்கத் தலைவர் ராஸ்கோ கேட்டிருந்தார். ஆனால் எனக்கு வருவது அது ஒன்றுதான். இந்த வட்டாரத்தில் யார் இறந்தாலும் தேவாலயத்தில் கொடுக்கும் இரங்கல் தாளுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவள் நான். முடிந்துபோனவர்களைப் பற்றித்தான் எழுதிப் பழக்கம். அங்காடியைத் தொடங்கிவைத்த வெர்னிட்டா அக்கா உயிரோடு இருக்கிறார்.

மலர் வெளிவந்துவிட்டது. அங்காடியின் வண்ணப் படங்கள் இருக்கின்றன. இந்தக் கதை அதில் இல்லை.

2

முதல் தொடக்கம்: "அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் தம் கையால் செங்கல் சுட்டு எழுப்பிய ஆல்டர் ஹில்லில்..."

(பொய்யில்லை. ஆனால் மேயர் வரும் ஒவ்வொரு விழாவிலும் இதே வாக்கியத்தைத்தான் வாசிக்கிறார். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "வெர்னிட்டா க்ரடப் ஒரு போராளி."

(படித்துக் காட்டினேன். "போராளியா? பல் டாக்டர்கிட்ட பில் போட்டுக்கிட்டிருக்கேன்டி நான்" என்றார். இதுவும் போயிற்று.)

மூன்றாவது, வெறுமனே நடந்தது. நெடுஞ்சாலை போட்டபோது வட்டாரத்தில் பாதி போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. நல்ல கீரை வேண்டுமென்றால் ஊரின் மறுகோடிக்குப் போகவேண்டும். பழைய திரையரங்கு ஒன்று கூரை இடிந்து பூட்டிக் கிடந்தது. அதை வெளியூர் ஆள் ஒருவன் வாங்கப்போகிறான் என்று தெரிந்த வாரம், வெர்னிட்டா அக்கா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூட மாற்றாமல், வீடு வீடாக ஏறி இறங்கினார். கேட்டது ஒன்றுதான்: ஆளுக்கொரு பங்கு போடுங்கள், கட்டடத்தை நாமே வாங்குவோம். சிரித்தவர்கள் உண்டு. ராஸ்கோ சிரித்தார். "நம்ம சனம் ஒண்ணாச் சேந்து ஒரு பீட்சா வாங்க முடியாது, கட்டடமா?" என்றார். பிறகு அவரே இரண்டு பங்கு போட்டார்.

(அவர் சிரித்ததை மலரில் போடமுடியாது. அடிக்காமல் விடுகிறேன்.)

வாங்கினோம். கூரை போட்டோம். அங்காடி திறந்தது, பக்கத்தில் சிகையலங்காரக் கடை, மருந்துக்கடை. லாபத்தில் வட்டாரத்துக்குப் பங்கு. நம் காசு நம் தெருவிலேயே சுற்றவேண்டும், நம் பிள்ளைகளுக்கு ஏதாவது மிஞ்சவேண்டும் என்பார் அக்கா. கொஞ்ச காலம் அது நடந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். துயரத்தில் அது மறந்துபோகும்.

3

இங்கே ஒரு வில்லன் வரவேண்டும். டோர்சி என்று பெயர், அக்காவின் சித்தப்பா மகன், கிளீவ்லாண்டில் இருக்கிறான். முதல் வரைவில் அவனுக்குத் தங்கப்பல் வைத்தேன்.

விஷயம் இது. அக்கா குடியிருந்த வீட்டைக் கட்டியவர் அவருடைய கொள்ளுத் தாத்தா ஐஷம், கொத்தனார். அவர் உயில் எழுதவில்லை. வெள்ளைக்கார வக்கீலிடம் காகிதம் கொடுத்தால் வீடே போய்விடும் என்று பயந்த தலைமுறை அது. அதனால் வீடு சட்டப்படி எல்லா வாரிசுகளுக்கும் பொது. வரி கட்டியது, கூரை மாற்றியது எல்லாம் அக்கா. ஆனாலும் டோர்சிக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை ஒரு மனை நிறுவனம் தேடிப்பிடித்து அவனிடம் வாங்கியது. வாங்கிய கையோடு நீதிமன்றத்துக்குப் போயிற்று: வீட்டைத் துண்டு போட முடியாது, ஆகவே முழுதாக விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்.

டோர்சியை நன்றாகத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து அவனுக்கே போன் செய்தேன்.

அவன் மெதுவாகப் பேசினான். அந்த வீட்டை அவன் பார்த்ததே இல்லையாம். அவன் அம்மாவை, கணவன் செத்த மறுமாதம், க்ரடப் குடும்பம் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வந்ததில்லை.

"அங்க எனக்கும் பங்கு இருக்குன்னு யாரு சொன்னான்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டான். "அந்தக் கம்பெனிக்காரன் சொன்னான். நீங்க யாரும் சொல்லலையே."

போனை வைத்தேன். தங்கப்பல்லை அடித்துவிட்டேன்.

4

நீதிமன்றம் அக்காவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது: நிறுவனத்தின் பங்கை இன்றைய மதிப்பில் அவரே வாங்கிக்கொள்ளலாம். மதிப்பிட வந்த ஆள் எழுதியதை அக்கா என்னிடம் வாசிக்கச் சொன்னார். வீட்டைப் பற்றி அதில் அதிகம் இல்லை. புத்துயிர் பெற்ற வரலாற்று வட்டாரம், நடக்கும் தூரத்தில் விருதுபெற்ற மக்கள் அங்காடி, ஆகவே மதிப்பு பல மடங்கு உயர்ந்திருக்கிறது என்று இருந்தது.

அக்கா சிரித்தார். எப்போதும் சிரிக்கிற மாதிரிதான் சிரித்தார், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"வெலைய ஏத்தினது நான்தான், பாத்தியா எர்லீன்" என்றார்.

அவ்வளவு பணம் அக்காவிடம் இல்லை. சங்கம் உதவலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். சங்கத்தின் இருப்பு கட்டடக் கடனுக்கு ஈடாக வங்கியில் நின்றது. அதில் கைவைத்தால் கட்டடம் போகும். அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. கெடு முடிந்தது, வீடு ஏலத்துக்கு வந்தது.

[இங்கே ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். நீதிமன்றப் படிகளில் ஏலம். வட்டாரமே திரண்டு வந்து நிற்கிறது. யாரும் ஏலம் கேட்கவில்லை. நிறுவனத்து ஆள் கூட்டத்தைப் பார்த்துத் தலைகுனிந்து... இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல். எல்லோருக்கும் வேலை. அக்கா, அவர் மகள், நான், ராஸ்கோ வந்திருந்தோம். நிறுவனத்து ஆள் போனில் பேசிக்கொண்டே ஒரே ஒரு முறை கேட்டான். முடிந்துவிட்டது.]

5

அக்கா இப்போது நெடுஞ்சாலைக்கு அப்பால் மகளின் அடுக்ககத்தில் இருக்கிறார். ஆனாலும் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். வாக்கு கிடையாது. வட்டாரத்தில் குடியிருப்பவருக்கே வாக்கு என்பது சங்க விதி. வெளியாட்கள் பங்குகளை வாங்கி அங்காடியைப் பிடித்துவிடக்கூடாது என்று அதை எழுதியவர் அவரேதான்.

சென்ற மாதக் கூட்டத்தில் ராஸ்கோ ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: வட்டாரத்தை விட்டுப் போக நேர்ந்தவர்களுக்கும் வாக்கு இருக்கட்டும். முதலில் பங்கு போட்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்போது இங்கே இல்லை, இப்படியே போனால் அங்காடி இருக்கும், நாம் இருக்கமாட்டோம் என்றார்.

அக்கா எழுந்தார். பேசலாமா என்று அனுமதி கேட்டார். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"வேண்டாம் ராஸ்கோ. எனக்காக இந்தக் கதவத் தொறந்தீங்கன்னா, வெளியில இருக்கிற பங்குக்கும் வாக்கு வந்துடும்; டோர்சிகிட்ட வாங்கின மாதிரி, அந்தக் கம்பெனிக்காரன் போனவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தேடிப் போய் வாங்குவான். அப்புறம் அங்காடியும் ஏலத்துக்குத்தான் வரும்."

"அப்ப நீங்க?"

"நான் என்ன, வீட்ட விட்டவ. இதையும் விட்டுட்டுப் போறேன்."

உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "நீ எனக்கு எதிரா, திருத்தம் வேண்டாம்னு ஓட்டுப் போடு. உன்னப் பாத்துத்தான் மத்தவங்க போடுவாங்க" என்றார்.

6

அவர் சொன்னது சரி. ராஸ்கோ சொன்னதும் சரி. இரண்டு வழியிலும் கடைசியில் நாங்கள் இல்லை. இதற்கு மூன்றாவது முடிவு ஒன்று இருக்கவேண்டும் என்று ஒரு மாதமாக எழுதி எழுதி அடிக்கிறேன். "அப்போது கதவைத் திறந்துகொண்டு டோர்சி..." என்றுகூட ஒன்று. அவன் வரவில்லை. யாரும் வரவில்லை.

திருத்தத்தை ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ராஸ்கோ. நான் என்ன செய்தேன், எண்ணிக்கை என்ன ஆயிற்று என்பதை எழுதப்போவதில்லை. உங்களுக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், உட்காருங்கள். உங்களுக்கு முன்னால், போன வருடம் குடிவந்த இளம் தம்பதி, எந்தப் பக்கம் கை தூக்குவது என்று தெரியாமல் திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஐஷம் கட்டிய வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.