மேடம் அளக்க வந்த நாள்

...இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா என்ன, அதுவும் துருப்பிடித்த குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் கம்பெனி இன்ஜினியர் அப்படி என்ன பெரிய ஜோக் அடித்துவிட்டான், "குழாயை அறுக்காமலே உள்ள ஓடுற தண்ணிய அளந்துடுவீங்களா மேடம், ஸ்கேன் எடுக்கிற டாக்டர் மாதிரி" என்றான், அவ்வளவுதான், இதற்கு ஒரு சிரிப்பு... மேடமாம். காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே, "உங்க கம்பெனிக்குத்தான் இன்னைக்கு அளக்க வரேன், அங்க நான் உங்க பொண்டாட்டின்னு மூச்சு விட்றாதீங்க, புருஷன் சிபாரிசுல வேலை வந்துச்சுன்னு பேசுவாங்க" என்றாள், நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன், இப்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஏணி பிடிக்கிற ஃபிட்டர். "சார், இந்த இடத்துல பெயின்ட்டை மட்டும் சுரண்டித் தர்றீங்களா" என்கிறாள். சார்! கல்யாணமான நாளிலிருந்து முதல் சார்... சுரண்டினேன். அவன் விடவில்லை, "ஏன் மேடம், அந்த வளைவுகிட்டயே வெச்சா கைக்கு எட்டுமே?" வளைவு தாண்டியதும் தண்ணீர் சுழன்றுகொண்டு வருமாம், குழாயின் அகலத்தைப்போல் பத்து மடங்காவது நேராக ஓடி வந்தால்தான் அடங்குமாம், சென்சார் குழாய்க்குள் சத்தத்தை அனுப்பித்தான் அளக்குமாம், அதை உச்சியில் வைத்தால் அங்கே தேங்கிய காற்று ஏமாற்றிவிடுமாம், அதனால் பக்கவாட்டில்தானாம்... கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள், கண் விரிகிறது, வீட்டில் "சாப்பாடு எடுத்து வைக்கட்டா" என்பதற்கு மேல் நீளாத வாய் இது. அவன் "ஓஹோ" என்றான். அந்த ஓஹோவைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதிக்க வேண்டும்போல் இருந்தது.

மீட்டர் எதையும் காட்டவில்லை. அவள் முகம் சுருங்கியதும் எனக்குள் ஏதோ ஜில்லென்று... சீ, சந்தோஷமா அது? "குழாய் நிரம்பி ஓடல சார், பாதித் தண்ணிதான் போகுது, தொட்டிப் பக்கம் வால்வைக் கொஞ்சம் மூடுங்க, தண்ணி தேங்கிக் குழாய் நிரம்பிடும்" என்றாள் என்னிடம். போனேன், சக்கரத்தில் கை வைத்தேன், திருப்பவில்லை. நிற்கட்டும், அவன் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழிக்கட்டும், அவளுடைய கம்பெனி அவளைத் தனியாக அனுப்பியிருப்பது இதுதான் முதல் தடவை, சரியாக வரவில்லையென்றால் பழையபடி ஆபீசில் உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் அடிப்பாள், அடிக்கட்டுமே, என்ன குறைந்துவிடும்... "சார்?" அந்தக் குரல் எனக்குத் தெரியும், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போது என்னைக் கூப்பிடுகிற குரல். திருப்பினேன். நான் திரும்பி வருவதற்குள் திரையில் எண்கள் துள்ளி, தடுமாறி, ஒரு இடத்தில் நின்றுவிட்டன. இன்ஜினியர் கைதட்டினான், மேனேஜரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஓடினான், ஓடட்டும்.

அவள் ஏணியில் நின்று, சென்சாரைக் குழாயோடு கட்டியிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை, இப்போது கேட்டுவிடலாம், அவன்கூட என்ன அப்படிச் சிரிப்பு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், "தண்ணி கலங்கலா இருந்தா இது காட்டாதா?" என்று வந்து விழுந்தது. அவள் கை நின்றுவிட்டது. "என்ன கேட்டீங்க?" திரும்பவும் சொன்னேன். என்னையே பார்த்தாள், பிறகு ஏணியிலிருந்து இறங்கி, பெட்டியை மூடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, "லேசான கலங்கல்னா பரவாயில்லைங்க, ரொம்பச் சேறா இருந்தா சத்தம் அந்தப் பக்கம் போய்ச் சேராது, ஆனா அதுக்கும் ஒரு வழி இருக்கு..." என்று ஆரம்பித்தாள், கை ஆடியது, நானும் எதிரில் குந்தினேன், தலையாட்டினேன், அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேனா, இல்லை, அவன் கேட்டதைவிட நல்ல கேள்வியாகக் கேட்டுவிட்டேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேனா...